கம்பெனிக்கரை

விசாலாட்சி கல்யாணமாகி மலையேறி வந்தது ஐம்பத்தாறாம் வருஷம், தை மாசத்துக் கடைசியில். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டுப் பெண் அவள். வாழைப்பழமும் சர்க்கரையும் ஏலக்காயும் மணக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்குக் கம்பெனிக்கரையின் நெடியைத் தாங்க முடியவில்லை. பச்சைத் தோலை டீத்தூளில் ஊறப்போட்டு மறந்துவிட்டதுபோல ஒரு நெடி. பஸ்ஸை விட்டு இறங்கியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் ஞானவேல் சிரித்தான்.

"ரெண்டு நாள்தான். அப்புறம் நீ ஊருக்குப் போனா, இந்த வாசனை இல்லையேன்னு இருக்கும் பாரு."

அது நடக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் பழகிப்போனது உண்மை.

கொடைக்கானலிலிருந்து மேற்கே பஸ் போகிற கடைசி இடம் அது. முன்பு அங்கே மந்தை ஏரி என்ற ஏரி மட்டும்தான் இருந்தது. மலைக் கிராமத்துக்காரர்கள் பூண்டு எடுத்த பிறகு மாடுகளை அங்கே ஓட்டிவந்து விடுவார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட சீகை மரங்கள். அந்த மரத்துப் பட்டையைக் கொதிக்க வைத்தால் தோல் பதனிடுகிற சாறு கிடைக்கும் என்று மதராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஏரித் தண்ணீர் பக்கத்திலேயே, விறகு தலைக்கு மேலேயே. கரையை வெட்டிச் சமன்படுத்தித் தகரக் கொட்டகைகள் போட்டார்கள். பிறகு ஊர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு சாப்பாட்டுக் கடை, ஒரு ஜவுளிக் கடை, சலூன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, படம் காட்டுகிற ஒரு கொட்டகை, தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். மந்தை ஏரி என்ற பெயர் சர்க்கார் காகிதத்தில் மட்டும் நின்றது. ஜனங்கள் வாயில் அது கம்பெனிக்கரை.

கம்பெனிச் சங்குதான் அந்த ஊருக்குக் கடிகாரம். கொட்டகைக்குள் இருப்பவன் மட்டுமல்ல, இரண்டு மேடு தாண்டிப் பூண்டுக் காட்டில் களையெடுப்பவளும் சங்கு ஊதினால்தான் கஞ்சிக் கலயத்தைத் திறப்பாள். சாறு இறக்கிய சக்கையைக் கரையிலேயே கொட்டிக் கொட்டி அது தனியொரு குன்றாக எழும்பியது. மழை பெய்தால் அந்தக் குன்றிலிருந்து கருஞ்சிவப்பாகத் தண்ணீர் வழிந்து ஏரிக்குள் இறங்கும். ஏரியே டிக்காஷன் நிறத்துக்கு மாறிப்போனது. காற்றடிக்கும் நாட்களில் பழுப்பு நுரை கரையேறிச் சாப்பாட்டுக் கடை வாசல்வரை வரும். மீன் செத்து மிதந்தபோது கிராமத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்களின் மகன்களுக்கு வேலை கொடுத்தார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஞானவேல் பாய்லர்க்காரன். மதுரை மில்லில் வேலை கற்றுப் பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கியவன். கம்பெனியின் ஒரே பாய்லர் அவன் கையில் இருந்தது. அவனுக்குத் துணையாக சுப்புராஜ் என்றொரு இளவட்டம். வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரன். ஞானவேலை அண்ணன் என்றும் விசாலாட்சியை மதினி என்றும் கூப்பிடுவான். அவனுக்குக் கல்யாணமாகும்வரை பாதி நாள் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. விசாலாட்சிக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்த பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு வருஷம் ஓடியது. அறுபத்து நாலில் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து ஆர்டர் குவிந்தது. பாய்லர் இரவும் பகலும் ஓடியது. பழைய பாய்லர், அதன் சேஃப்டி வால்வு தேய்ந்துபோய், சீக்கிரமே திறந்து ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஆவி போனால் தொட்டிகளில் கொதி அடங்கும். கொதி அடங்கினால் சாறு குறையும். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்த ஞானவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, உப்பு கம்மியா?" என்றாள் விசாலாட்சி.

"சோத்துப் பானை கொதிக்கறப்ப மூடி என்ன செய்யும்?"

"தூக்கிக்கிட்டு ஆடும்."

"ஆடக்கூடாதுன்னு மூடி மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்சா?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதத்தான் செஞ்சு வச்சிருக்காங்க. வால்வுக் கம்பியில இரும்புக் கட்டி ஒண்ணத் தொங்கவிட்டிருக்காங்க. நான் கழட்டி வச்சேன். மானேஜர் நின்னு பாத்து திரும்ப மாட்டச் சொன்னாரு. புது வால்வு வருதாம். ஒரு மாசம் பொறுக்கணுமாம்."

"அப்ப நீங்க சோலிக்குப் போகாதீங்க. உடம்புக்கு முடியலைன்னு சொல்லிட்டு இருங்க."

"நான் போகலைன்னா சுப்புராஜத் தனியா நிறுத்துவாங்க. அவனுக்கு இன்னும் கை பழகல. நானாவது மீட்டரப் பாத்து நெருப்பக் கொறைப்பேன்."

கை கழுவிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் விசாலாட்சி வாசல்வரை வந்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மாசம் ஒரு காலையில், காலைச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழிந்து, அவள் குவார்ட்டர்ஸ் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது தரை ஒருமுறை உதறியது. சத்தம் பிறகுதான் வந்தது. கொட்டகையின் தகரங்கள் காக்கைகளைப் போல மேலெழும்பிப் பறந்து ஏரியில் விழுந்தன. ஏரி முழுக்கச் சொத் சொத்தென்று சத்தம். வெள்ளையாக ஆவி, அதற்குள்ளே புகை. கையில் பிழிந்த துணியோடு அவள் ஓடினாள். அவளோடு எல்லோரும் ஓடினார்கள்.

ஆறு பேர் செத்தார்கள். கொதிக்கும் சாறு தொட்டியோடு கவிழ்ந்து மூன்று பேர் மேல் கொட்டியிருந்தது. அதில் ஒருவன் திருமலைச்சாமி, பக்கத்துக் கிராமத்துக்காரன், தொட்டி கலக்குகிறவன். அவன் பெண்டாட்டி வீரம்மாள் பூண்டுக் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு வந்து விழுந்தாள். கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து கிடத்தியிருந்த ஞானவேலை அடையாளம் சொல்ல விசாலாட்சியைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று கம்பவுண்டர் சொன்னார். இடது காலில் பெருவிரல் நகம் இல்லாததைப் பார்த்து அவள் தலையசைத்தாள். சுப்புராஜ் அன்றைக்கு விறகு இறக்க வெளியே போயிருந்ததால் தப்பினான்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பாய்லர்க்காரன் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. அதனால்தான் வெடித்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் சொன்னார்கள்.

மதராஸிலிருந்து அதிகாரி வந்து கேட்டுக்கு வெளியே இருந்த கம்பெனி ஆபீஸிலேயே விசாரணை நடத்தினார். விசாலாட்சி போய் நின்று, இரும்புக் கட்டியைப் பற்றிப் புருஷன் சொன்னதைச் சொன்னாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது.

"இல்லைங்க. அவரு சொன்னாருங்க."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்து சுப்புராஜைக் கூப்பிட்டார்கள். அவன் அவளைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினான். அண்ணன் கொஞ்ச நாளாகக் குடித்துவிட்டு வருவார் என்றான். அன்றைக்கும் வாடை அடித்தது என்றான். இரும்புக் கட்டியைப் பற்றிக் கேட்டபோது அப்படி எதுவும் தான் பார்க்கவில்லை என்றான்.

விசாலாட்சி வெளியே வந்தாள். வாசலில் செத்தவர்களின் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீரம்மாள் எழுந்து வந்து அவள் காலடியில் காறித் துப்பினாள்.

"ஒம் புருசன் குடிச்சிட்டுத் தூங்குனதுக்கு எம் புருசன் வெந்து செத்தாரே! நீ நல்லா இருப்பியாடி?"

விசாலாட்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள்.

அதன் பிறகு அந்த ஊர் அவளை ஒதுக்கியது. பால்காரர் ஆண்டிச்சாமி அவள் வாசலில் நிற்காமல் போனார். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னான். அதே வாரம் பழனியிலிருந்து அவள் அண்ணன் பொன்னுவேல் வந்தான்.

"கெளம்பு விசாலம். இங்க யாரு இருக்கா ஒனக்கு? கடையில ஒரு கை கொறையுது. ஒன் மதினியும் வரச் சொன்னா."

"வரலைண்ணே."

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மூஞ்சில துப்புற ஊருல என்னத்துக்குக் கெடக்கணும்?"

"இப்ப எறங்கி வந்தேன்னா, அவரு குடிச்சிட்டுத் தூங்குனாருங்கிறத நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை நாளு?"

"தெரியலண்ணே."

பொன்னுவேல் திட்டினான், அழுதான், கொண்டுவந்த அரிசிச் சிப்பத்தை வைத்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போனான்.

அவளுக்கு வீடு கொடுக்க ஊரில் யாரும் இல்லை. கடைசியில் இடம் கொடுத்தது தமயந்தி. சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து சக்கைக் குன்றுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த நாலைந்து குடும்பங்களைச் சேர்ந்த ஒருத்தி. அவளுக்கும் அந்த ஊரில் பெரிய வரவேற்பு இருந்ததில்லை.

"உள்ளுக்கு வாங்கக்கா. ஒரு மூலை கெடக்குதுதானே. தேத்தண்ணி குடிச்சிட்டு மத்தத யோசிப்பம்" என்றாள். காரணம் எதுவும் கேட்கவில்லை.

விசாலாட்சி வெளியூர் வியாபாரிக்குப் பூண்டு அறுத்துக் கட்டுகிற வேலைக்குப் போனாள். விரல்களில் எரிச்சல் ஆறவே ஆறாது. கம்பெனி நாலு மாசத்தில் புது பாய்லரைக் கொண்டுவந்து இறக்கியது. லாரி மலையேறி வந்தபோது ஊரே தெருவில் நின்று பார்த்தது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். மறுபடியும் சங்கு ஊதியது. விசாரணை முடிவும் வந்தது: பாய்லரை இயக்கியவரின் கவனக்குறைவு. புது பாய்லருக்கு சுப்புராஜே பொறுப்பாளி ஆனான்.

ஆடி மாசம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் தமயந்தியின் குடிசை வாசலில் வந்து நின்றான். நனைந்திருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். விசாலாட்சி பூண்டுக் கட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மதினி..."

"சொல்லு."

"என்னைய மானேஜர் கூப்பிட்டு வச்சு சொன்னாரு மதினி. நெசத்தைச் சொன்னா கம்பெனிய சர்க்கார் மூடிரும், அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துரும்னாரு. எம் பொண்டாட்டி அப்ப மாசமாயிருந்தா. செத்தவரு செத்துட்டாரு, அவர என்ன பண்ணிருவாங்கன்னு நெனச்சேன். சோறு எறங்க மாட்டேங்குது மதினி. அண்ணன் கையால சாப்பிட்டவன் நான்."

அவன் குனிந்து அவள் காலைத் தொட வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட என்னத்துக்கு வந்த?"

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவரு தூங்கலைங்கிறது எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணுமில்ல. தெரியாதவ ஒருத்தி இருக்கா. எம் புருசன்தான் அவ புருசனக் கொன்னுட்டாருன்னு நெனச்சுக்கிட்டே தெனமும் எந்திரிக்கிறா, படுக்கிறா. போயி வீரம்மாகிட்டச் சொல்லு. அவகிட்டச் சொல்லிட்டு வா. அப்புறம் நான் பேசுறேன்."

"அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல மதினி."

"அப்ப போ."

அவன் மழையில் இறங்கிப் போனான். தமயந்தி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாவமாத்தான் இருக்குது" என்றாள். விசாலாட்சி பூண்டை அறுத்தாள். அன்றைக்கு அவள் அறுத்த பூண்டெல்லாம் கோணலும் மாணலுமாக இருந்ததென்று மறுநாள் வியாபாரி திட்டினான்.

அடுத்த மாசி வரை சுப்புராஜ் அவள் கண்ணில் படவில்லை. அந்த மாசி மாசத்தில் ஏரி வற்றிச் சேறு தெரிந்தது. தண்ணீர் கெட்டியாகி பாய்லருக்குள்ளே உப்புப் படிந்தது. ஆனாலும் கொதி குறையக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. மானேஜர் பாய்லர் ரூமுக்கு வந்து, புது வால்வும் சீக்கிரமே திறந்துவிடுகிறதாகச் சொல்லி, ஒரு ஆளைக் கூட்டிவந்து கம்பியைக் காட்டினார். அந்த ஆள் கையில் இரும்புக் கட்டி இருந்தது.

சுப்புராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் செய்ததைப் பக்கத்தில் நின்ற விறகுக்காரர்கள்தான் சொன்னார்கள். உலைவாயைத் திறந்து எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டான். அவற்றின் மேல் தண்ணீரை ஊற்றினான். மானேஜர் கத்தக் கத்த நெருப்பு முழுக்க அணையும்வரை நின்றுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வெளியே நடந்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சந்தை கூடியிருந்தது. வீரம்மாள் சாக்கை விரித்து உருளைக்கிழங்கும் பூண்டும் குவித்து வைத்திருந்தாள். விசாலாட்சி சற்றுத் தள்ளி உப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். கரிபடிந்த கைகளோடு சுப்புராஜ் நேரே வந்து வீரம்மாள் முன்னால் நின்றான்.

"எக்கா. ஞானவேலண்ணன் குடிக்கலக்கா. தூங்கவும் இல்ல. வால்வுல இரும்பைத் தொங்கவிட்டு அடைச்சிருந்தாங்க. அண்ணன் வேண்டாம் வேண்டாம்னு சண்ட போட்டாரு. அப்ப நான் கூடவே இருந்தேன். விசாரணையில பொய் சொன்னேன்."

அவன் உரக்கத்தான் சொன்னான். சுற்றிலும் பேரம் நின்றுபோனது. வீரம்மாள் தராசைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு எந்தத் தொட்டிகிட்ட நின்னாரு?" என்று கேட்டாள்.

யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

"பாய்லர் சொவத்த ஒட்டுன தொட்டிக்கா. அண்ணன் அவரப் பாத்து ஓடு ஓடுன்னு கத்துனாராம். தப்பிச்ச ஆளு சொன்னான். அண்ணன் ஓடியிருக்கலாம், கதவு பக்கத்துலதான் இருந்துச்சு. நெருப்ப இழுக்கக் குனிஞ்சிருக்காரு."

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

அவள் தராசால் அவனை அடித்தாள். தோளில், முதுகில், கை ஓயும்வரை அடித்தாள். அவன் நகரவில்லை. அவளை யாரும் தடுக்கவும் இல்லை.

ஆனால் அதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். நெருப்பு அணைந்த செய்தி கம்பெனியிலிருந்து வந்திருந்தது. ஜவுளிக் கடைக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், தொட்டி கலக்குகிறவர்கள், விறகு லாரிக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"ஏலே, கம்பெனிய மூட வைக்கப் பாக்கிறியா? மூடிட்டா எம் பிள்ளைங்களுக்கு ஒங்கப்பனா சோறு போடுவான்?"

"செத்தது செத்துப்போச்சு. இருக்கறவன் பொழைப்பக் கெடுக்க வந்துட்டான்!"

முதல் அடி யார் அடித்தது என்று தெரியவில்லை. இது வீரம்மாள் அடித்த அடி போல இல்லை. கீழே விழுந்தவனை உதைத்தார்கள். ஞானவேலோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விசாலாட்சி உப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கூட்டத்துக்குள்ளே புகுந்து அவன் மேல் கவிழ்ந்து விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு உதை விழுந்தது. பிறகு வீரம்மாளின் குரல் கேட்டது.

"அவளை அடிச்சா வெட்டிப்புடுவேன்! தாலியறுத்தவ நான் சொல்றேன், தள்ளுங்கடா!"

அவள் கையில் பூண்டு அறுக்கிற கத்தி இருந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது.

சுப்புராஜை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு காது கேட்காமல் போனது. அவன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்கே போய்விட்டான். மலைக்குத் திரும்பவில்லை. கிளம்புகிற அன்றைக்கு விசாலாட்சி பஸ்ஸுக்குப் போனாள். அவன் கைக்குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். மன்னித்தேன் என்று அப்போதும் அவள் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. "காதுக்குத் தண்ணி படாமப் பாத்துக்க" என்றாள்.

எதுவும் மாறவில்லை. விசாரணை முடிவு முடிவாகவே நின்றது. புது ஆள் வந்து பாய்லரைப் பார்த்துக்கொண்டான். பால்காரர் மட்டும் ஒருநாள் தானாகவே தமயந்தியின் வாசலில் நின்று, "பால் வேணுமா தாயி?" என்று கேட்டார். வேண்டாம் என்று விசாலாட்சி அனுப்பிவிட்டாள்.

இவ்வளவு பேர் வாயைப் பொத்திக் காப்பாற்றிய கம்பெனி இரண்டு வருஷத்தில் மூடிப்போனது. தோலுக்குப் போட வெளிநாட்டிலிருந்து ரசாயனப் பொடி மலிவாக வந்துவிட்டதாம். ஒரு திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. ஜனங்கள் ரிப்பேர் என்று நினைத்தார்கள். வியாழக்கிழமை மானேஜரின் வீட்டுச் சாமான் லாரியில் மலையிறங்கியது. அதன் பிறகு ஜவுளிக் கடை, படக் கொட்டகை, சலூன் என்று வரிசையாக மூடின. குவார்ட்டர்ஸ் கதவுகளையும் நிலைகளையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தமயந்தியும் புருஷன் பிள்ளைகளோடு நீலகிரிப் பக்கம் தோட்ட வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, குடிசையை விசாலாட்சியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். சக்கைக் குன்று அப்படியே கிடந்தது. ஏரி பழைய நிறத்துக்கு வரவில்லை.

இயந்திரங்களை ஏலத்தில் எடுத்தவர்கள் பழைய இரும்பு அறுக்க வந்திருந்த சமயம், வீரம்மாள் விசாலாட்சியைத் தேடி வந்தாள். சந்தையில் நடந்ததற்குப் பிறகு இருவரும் வழியில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவார்கள், அவ்வளவுதான். துப்பியதைப் பற்றி வீரம்மாளும் பேசியதில்லை, இவளும் கேட்டதில்லை.

"கேட்டு தெறந்து கெடக்கு. போயிப் பாத்துட்டு வருவமா?" என்றாள் வீரம்மாள்.

எத்தனையோ வருஷம் அந்தச் சங்குக்கு எழுந்து அந்தச் சங்குக்கு உண்டவர்கள், இருவரும் அதற்குள்ளே ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. வெடித்த அன்றைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். இப்போது தடுக்க யாரும் இல்லை. இரும்பு அறுப்பவர்கள் பீடி குடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார்கள்.

பாய்லர் ரூம் காலியாக இருந்தது. வெடித்த பிறகு பழைய இடத்திலேயே கட்டிய சுவர். சிமெண்டுத் தரை. தொட்டிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. சுவரை ஒட்டிய வட்டத்தில் போய் வீரம்மாள் நின்றாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு எங்கிட்டு நின்னுருப்பாரு?"

விசாலாட்சி உலைவாய் இருந்த பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் போய் நின்றாள். இருவருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு வீட்டுத் திண்ணையளவுகூட இல்லை. கதவு அவளுக்கு இடது கைப்பக்கம், இரண்டு எட்டில் இருந்தது.

"இவ்வளவு கிட்டத்துலயா?" என்றாள் வீரம்மாள்.

"ஆமாக்கா."

வீரம்மாள் அந்தக் கறையின் மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தரையைத் தடவினாள். அழுவாள் என்று விசாலாட்சி நினைத்தாள். அவள் அழவில்லை. கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. இரும்பு அறுப்பவர்களில் ஒருவன் உள்ளே வந்து, அடுத்து இந்தப் பக்கம்தான் பிரிக்கணும், கொஞ்சம் நகருங்க என்றான்.

வீரம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"மழை வலுக்கப் போகுது. வெரசா நட. எங்க வீட்டுல அடுப்புல பருப்ப வச்சிட்டு வந்துட்டேன். தீஞ்சிருக்கும். இருக்கறதச் சாப்பிட்டுட்டுப் போவ."

விசாலாட்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.